பூசணத்தோடு பெங்களூரில் பதினாறு நாள்

பெங்களூருக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் பூசணம் எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்களில் பன்னிரண்டு வகைப் பூஞ்சை. அவை வளர்ந்த சாறு, இருமல் மருந்து பாட்டில் அளவிலான குப்பிகளில் இரண்டு செட். எல்லாம் ஒரே தெர்மோகோல் பெட்டிக்குள். என் துணிமணி ஒரு கைப்பைக்குள் அடங்கிவிட்டது. அதிலிருந்தே அந்தப் பயணத்தில் யார் முக்கியம், யார் துணைக்குப் போனது என்பது விளங்கும்.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. பிச்சாவரத்துச் சதுப்பு மரங்களைக் கட்டிக்கொண்டு ஐந்து வருஷம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். அங்கே தில்லை என்றொரு மரம் உண்டு. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் உலகம் இருண்டுவிடும். எனக்கு ஒருமுறை முகம் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. அந்த மரத்தின் நல்ல பச்சை இலைக்குள்ளேயே பூஞ்சை வாழ்கிறது. நோயாக இல்லை, குடித்தனமாக. இலையை ஸ்பிரிட்டில் அலசி, வெளிக்கிருமியெல்லாம் செத்தபின் நறுக்கி, அகர் என்கிற கூழ்மேல் வைத்தால், ஒரு வாரத்தில் வெட்டிய ஓரத்திலிருந்து வெள்ளை நூல் எட்டிப் பார்க்கும். இருக்க இடம் கொடுத்த மரத்துக்காக அது சில விஷங்களைச் செய்கிறது என்று ஓர் அனுமானம். விஷம் இருக்கும் இடத்தில் மருந்தும் இருக்கலாம் என்று எங்களுக்கு நப்பாசை.

இப்படிப் பிரித்தெடுத்து எண் போட்ட பலவற்றில் பதினேழாம் எண் பூஞ்சையின் சாறு, சீழ்க்கட்டி உண்டாக்கும் கிருமியை எங்கள் ஊர்ச் சோதனைத் தட்டில் கொன்றது. சாறு ஊற்றிய குழியைச் சுற்றிக் கிருமியே இல்லாத காலி வட்டம், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. என் வழிகாட்டியான பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளூர் நிருபரிடம் சீழ்க்கட்டி என்றுதான் சொன்னாராம். நிருபர் அதை ஒரு படி உயர்த்திவிட்டார். ‘தில்லை மரத்தில் புற்றுநோய்க்கு மருந்து’ என்று பேப்பரில் வந்துவிட்டது. இனி அது உண்மையாகியே தீரவேண்டும். பெங்களூரின் வடக்கே இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் மறுபடி சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. என் உதவித்தொகை முடிய நான்கு மாதம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜோகுபாளையத்தில் சித்தி வீட்டில் இறங்கினேன். அம்மாவின் தங்கை. கல்யாணமாகி வந்து முப்பது வருஷம் ஆகிறது. காய்காரனிடம் கன்னடம், சாமியிடம் தமிழ், சித்தப்பாவிடம் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. சித்தப்பா மாநில அரசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குப்பிகளை ஃப்ரிட்ஜில் அடுக்கியதும் சித்தி பின்னாலேயே வந்துவிட்டாள்.

“கலா, மாவுச் சட்டிக்குப் பக்கத்துலயா பூசணத்த வெக்கிற? பேடா கண்ணு, வேணாம். ரொட்டில ஒரு புள்ளி பச்சையா வந்தாலே தூக்கிக் கடாசறவ நான்.”

“சும்னே இரு,” என்றார் சித்தப்பா கூடத்திலிருந்து. “அது புற்றுநோய் மருந்து.”

அம்மா அனுப்பிய பேப்பர் துண்டை அவர் லேமினேட் செய்து வைத்திருந்தார். பால்காரர், எதிர்வீட்டுக்காரர், கேஸ் கொண்டுவருபவர் எல்லாரும் படித்தாகிவிட்டது. கன்னடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு அவரே மொழிபெயர்த்துச் சொன்னாராம். அந்த மொழிபெயர்ப்பில் நோய் எத்தனை படி ஏறியதோ, தெரியாது.

மத்தியானம் ராகி முத்தே, கீரைச்சாறு. சித்தப்பா உருண்டையை மெல்லாமல் விழுங்கச் சொல்லிக் கொடுத்தார். மென்றால் பல்லில் ஒட்டும், விழுங்கினால் தொண்டையில் நிற்கும். வங்கக் கடலோரம் பிறந்த எனக்கு மீன் இல்லாத ஞாயிறு அதுதான் முதல். ஆனால் வியர்க்காமல் சாப்பிட்டேன். அந்த ஊரின் முதல் அதிசயம் அதுதான்.

சாயங்காலம் டெய்லர் தேவராஜ் வந்தார். சிவாஜிநகரில் கடை, ஆஸ்டின் டவுனில் வீடு. சித்தப்பாவுக்கு இருபது வருஷமாகப் பேன்ட் தைப்பவர். இடுப்பளவு எடுத்து முடித்தவர் போகவில்லை. சமையலறை வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, நம்ம வீட்டம்மாவுக்குக் கழுத்துல கட்டி. அந்த வியாதிதான். ஆறு ஊசின்னாங்க, ரெண்டு போட்டாச்சு. மூணாவதுக்கு வரமாட்டேன்னு உக்காந்துட்டா. வாந்தி தாங்கல, முடியெல்லாம் கொட்டிடுச்சு. உங்க மருந்துல ஒரு ஸ்பூன் குடுத்தா…”

“அண்ணே, இது மருந்தே இல்ல. சீழ்க்கட்டிக் கிருமி மேல ஒரு தடவ வேல செஞ்சுது. மனுஷ உடம்புல போனா என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது. ஈரலயே கரைச்சிடலாம்.”

“பேப்பர்ல போட்டிருக்காங்களே?”

“பேப்பர்ல தப்பா போட்டுட்டாங்க.”

அவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். “சரிங்க” என்றார். அந்த ‘சரிங்க’வில் ஓர் எழுத்தைக்கூட அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமை ஒரு செட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினேன். கண்டக்டர் பெட்டியைத் தட்டி, மீனா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன். ஐஸ்க்ரீமா என்றார். எதற்கு வம்பு என்று, காளான் என்றேன். அது ஓரளவு உண்மைதானே, இரண்டும் ஒரே வம்சம். பக்கத்து சீட்டு அம்மாள் கிலோ என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கினார். அவரிடமிருந்து தப்பிக்க ஒரு நிறுத்தம் முன்பே இறங்கினேன். இறங்கியதும் மழை. பெங்களூர் மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. என் துப்பட்டாவைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, நான் நனைந்துகொண்டே ஒரு மைல் நடந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் சரோஜா மேடம். ஐம்பது வயது, கன்னடக்காரர், தமிழ் புரியும், பேசமாட்டார். நான் தமிழில் பேச, அவர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்ல, எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். சொட்டச் சொட்ட நின்ற என்னையும், துளி ஈரமில்லாத பெட்டியையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: “ஆராய்ச்சி மாணவி என்பதற்கு வேறு சான்றிதழ் வேண்டாம்.”

அன்றே கிருமி தடவிய தட்டுகளில் குழி வெட்டி, பன்னிரண்டு சாற்றையும் ஊற்றினோம். செவ்வாய் காலை தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பனி மூடிய கண்ணாடி மாதிரி கிருமி ஓரம்வரை வளர்ந்திருந்தது. ஒரு தட்டிலும் வட்டம் இல்லை. பதினேழாம் எண்ணின் குழியைச் சுற்றித்தான் இன்னும் செழிப்பாக வளர்ந்திருந்தது. மருந்து ஊற்றிய மாதிரி இல்லை, உரம் போட்ட மாதிரி இருந்தது.

மேடம் அவசரப்படாமல் கேட்டார். “இலையிலிருந்து எடுத்தபிறகு எத்தனை முறை புதுக் கூழுக்கு மாற்றினாய்?”

“பதினஞ்சு, இருபது தடவ இருக்கும் மேடம்.”

“அதுதான். மரத்துக்குள் இருந்தவரை அதற்கு வேலை இருந்தது. நீ தினமும் சர்க்கரை ஊட்டி வளர்த்தாய். பூச்சியில்லை, உப்பில்லை, எதிரியில்லை. எதற்காக விஷம் செய்யவேண்டும்? பல பூஞ்சைகள் இப்படித்தான் வாயை மூடிக்கொள்ளும். அதன் மரத்தைக் கொஞ்சம் சாப்பாட்டில் கலந்து கொடுத்துப் பார். சிலசமயம் ஞாபகம் வரும்.”

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். வட்டம் வரவில்லை என்று சொல்லி, தில்லை இலை ஒரு கட்டு அனுப்பச் சொன்னேன். அவர் கோபத்தை மீட்டர் ஓட ஓடக் கேட்டேன். “அவங்க முறையே சரியில்லம்மா. வட்டம் வந்தப்ப எடுத்த நம்ம பழைய போட்டோ இருக்குல்ல? அதுவே போதும். எலையும் வேணாம், கொழையும் வேணாம். கிளம்பி வா.”

கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டால் பெரிய கொள்கையெல்லாம் சொல்ல வராது. பழைய போட்டோவை வைத்து ஆய்வேட்டை எழுதி முடித்திருக்கலாம். எத்தனையோ பேர் அதையும்விடக் குறைவாக வைத்துக்கொண்டு டாக்டர் ஆகியிருக்கிறார்கள். ஆனால் அந்த மூடுபனித் தட்டை என் கண்ணாலேயே பார்த்துத் தொலைத்துவிட்டேனே.

புதன் காலை ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வீட்டிலிருந்த செட்டில் பதினொரு குப்பிதான் இருந்தது. பதினேழைக் காணோம்.

“நேத்து தேவராஜ் பேன்ட் குடுக்க வந்தான். ஐஸ் தண்ணி வேணும்னு அவனே தெறந்து எடுத்துக்கிட்டான்,” என்றாள் சித்தி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் விளங்கிவிட்டது. “அய்யோ ராமா!”

முகவரியை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோக்காரர் ஒருவழிப் பாதைகளில் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரே பெட்ரோல் பங்க்கை மூன்று முறை பார்த்தேன். அவசரம் என்றேன். “யாருக்கம்மா அவசரமில்ல, சிக்னல்ல நிக்கிறவங்க எல்லாம் டூரா வந்திருக்காங்க?” என்றார். அந்தச் சாறு ஒரு கிருமியைக்கூடக் கொல்லாது என்பது நேற்றுத் தெரிந்துவிட்டது. ஆனால் மனித ஈரலைக் கொல்லாது என்று யார் சோதித்தார்கள்? என் கைக்குட்டை நனைந்துவிட்டது. பெங்களூரில் எனக்கு வியர்த்தது அந்த ஒருநாள்தான்.

கதவைத் திறந்தது தேவராஜின் மனைவியேதான். தலையில் பூப்போட்ட துணி, கழுத்தில் மப்ளர், கையில் பாதி கடித்த மசால் வடை. நான் மூச்சு வாங்கிக்கொண்டே “அந்த பாட்டில்…” என்றேன்.

“நீதான் மருந்துப் பொண்ணா? உள்ள வா. குடிக்கல, பயப்படாத.” டிவி மேல், பிளாஸ்டிக் பூச்செண்டுக்குப் பக்கத்தில், ஒரு சொட்டும் குறையாமல் இருந்தது என் பதினேழு. “எம்புருஷன் ராத்திரியெல்லாம் அழுது குடுத்தாரு. மோந்து பாத்தேன், சாக்கடை வாசன. செஞ்சவ வந்து ஒரு மொடக்கு குடிக்கட்டும், பின்னாடியே நான் குடிக்கறேன்னுட்டேன். குடிப்பியா?”

“மாட்டேங்க.”

“அப்போ நான் என்ன கேணச்சியா?”

பேர் இந்திரா என்றார், இந்திராக்கா என்று அன்றிலிருந்து கூப்பிட ஆரம்பித்தேன். எனக்கும் ஒரு வடை கொடுத்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நிருபர், பேராசிரியர், மூடுபனித் தட்டு எல்லாம். பதினேழாம் எண்ணைச் சுற்றிக் கிருமி செழித்ததைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் மப்ளர் அவிழ்ந்து விழுந்தது. காதுக்குக் கீழே எலுமிச்சை அளவில் வீக்கம். அவர் அதை மறைக்கவில்லை, நானும் பார்வையைத் திருப்பவில்லை.

தேவராஜ் கொல்லைக் கதவருகே நின்றிருந்தார். “தப்புதான் தங்கச்சி,” என்றார். “ஊசிக்கும் வரமாட்டேங்கறா. நான் வேற என்ன செய்ய?”

பேச்சை மாற்ற, இந்த ஊரில் தில்லை மரம் எங்காவது கிடைக்குமா என்று கேட்டேன். கடலே இல்லாத ஊரில் கடல் மரத்தைக் கேட்கும் என்னை இருவரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். அகில் கட்டையில் கள்ளத்தனமாகக் கலப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். உடனே தேவராஜ் சட்டையை மாட்டிக்கொண்டார். “அகிலா? எங்க பக்கம் அத அகர் கட்டைம்பாங்க. என் கடைக்கு அடுத்த கடையே அத்தர்க்கடைதான். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.” பிராயச்சித்தம் செய்ய வழி கிடைத்த வேகம் அவர் நடையில் தெரிந்தது.

சிவாஜிநகர் சந்துக்குள் ஒருபக்கம் தொங்கும் ஆட்டுக்கால்கள், மறுபக்கம் தொங்கும் ரவிக்கைகள், நடுவில் மனிதர்கள் பக்கவாட்டாக நடந்தார்கள். அத்தர்க்கடை பாய் வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு டப்பாவைத் திறந்தார்.

“அசல் அஸ்ஸாம் மால்மா. கஸம்சே, சத்தியமா சொல்றேன்.”

“எனக்கு அசல் வேணாம் பாய். இதுல கலக்கறாங்களே, கடலோர மரம், அது வேணும்.”

“கலப்படமா? என் கடையிலயா?” பாயின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. “மூணு தலைமுறைக் கடைம்மா இது!”

“பாய், கத்தாதீங்க,” என்றார் தேவராஜ். “இவங்க போலீஸ் இல்ல. பூசணம் வளக்கறவங்க.”

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அசல் வேணும்னு அழறவங்களப் பாத்திருக்கேன். நக்லி வேணும்னு கெஞ்சற கிராக்கி இன்னிக்குத்தான் வந்திருக்கு.” கடைக்குள் குனிந்து, சாக்குப் பையிலிருந்து வெளுத்த கட்டைகள் சிலவற்றை எடுத்துப் போட்டார். “இது என் மால் இல்ல. யாரோ வெச்சிட்டுப் போனது.”

ஒரு துண்டைத் தணலில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எங்கள் படகுக்காரர் தில்லை விறகை அடுப்பருகே சேர்க்கமாட்டார், புகை கண்ணைக் கரிக்கும். இரண்டு நிமிஷத்தில் நாங்கள் மூன்று பேரும் கண்ணீர் வழிய நின்றோம். எனக்கு மட்டும் அது ஆனந்தக் கண்ணீர்.

காகிதத்தில் பொட்டலம் கட்டும்போது பாய் சொன்னார். “அசல் அகர்னா என்னன்னு நினைக்கிற? மரத்துக்கு வர சீக்கு. பூசணம் புகுந்த மரத்துலதாம்மா வாசனை வரும், சுத்தமான மரம் வெறும் விறகு. நீயும் நானும் ஒரே தொழில்தான்.” ஐந்து வருஷப் படிப்பில் யாரும் என் தொழிலை இத்தனை கௌரவமாகச் சொன்னதில்லை.

சரோஜா மேடம் நம்பவில்லை. கட்டையை மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்து, புத்தகப் படத்தோடு ஒப்பிட்டபிறகுதான் தலையசைத்தார். வியாழக்கிழமை கட்டையைக் கொதிக்கவைத்துக் கஷாயம் எடுத்து, பன்னிரண்டு பூஞ்சைக்கும் சாப்பாட்டில் கலந்தோம். பூஞ்சை போடாத வெறும் கஷாயத்துக்கும் தனியாக ஒரு குடுவை. “மரமே கிருமியைக் கொன்றுவிட்டால், அந்த மாலையைப் பூஞ்சைக்குப் போடக்கூடாது,” என்றார்.

பூஞ்சை வளர ஒன்பது நாள். அந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் சாப்பிட்டது. சித்தியின் அக்கி ரொட்டி, கேன்டீனின் வெல்ல சாம்பார், எதைக் கேட்டாலும் அதோடு வரும் தேங்காய்ச் சட்னி. எங்கள் ஊரில் சாம்பார் இனித்தால் சமையல்காரருக்குச் சர்க்கரை வியாதியா என்று கேட்போம். இங்கே அதைப் பாராட்டி இன்னொரு கரண்டி ஊற்றினார்கள். மூன்றாம் நாளே நானும் கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டேன். சித்தப்பா மட்டும் சோர்ந்திருந்தார். லேமினேட் செய்த துண்டை அவராகவே அலமாரிக்குள் வைத்துவிட்டார். “லேமினேட் பண்ணாம இருந்திருந்தா கிழிச்சாவது போட்டிருக்கலாம்,” என்றார்.

சனிக்கிழமை சாற்றை வடித்துத் தட்டுகளில் ஊற்றினோம். ஞாயிறு காலை விடுமுறை என்றும் பாராமல் மேடம் வீட்டுச் செருப்போடு, கையில் கொத்துமல்லிக் கட்டோடு வந்து சேர்ந்தார். தட்டுகள் இருந்த சூட்டுப்பெட்டியின் கதவைத் திறந்து நேராகப் பதினேழைத் தூக்கினேன். பனிமூட்டம். அடுத்ததும் பனிமூட்டம். மேடம் கொத்துமல்லியை மேஜைமேல் வைத்துவிட்டு இன்னொரு தட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். என்னிடம் நீட்டினார்.

குழியைச் சுற்றி ஒரு வட்டம். சின்னதுதான், சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் சுத்தமாகத் துடைத்த மாதிரி. வெறும் கஷாயத் தட்டைப் பார்த்தோம், அதில் வட்டம் இல்லை. எண்ணைப் பார்த்தேன். நான்கு. பேராசிரியர் குப்பைத்தொட்டியில் போடச் சொல்லியிருந்த நான்கு. பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தால் மற்றக் குழாய்கள் ஆடுமே என்று, முட்டுக்கொடுக்க நான் செருகியது.

“மருந்து கிடைச்சிடுச்சா மேடம்?” என்றேன்.

“ஒரு வட்டம் கிடைத்திருக்கிறது,” என்றார் அவர். “இன்னும் பத்து முறை செய். பத்திலும் வந்தால், உள்ளே என்ன பொருள் என்று பார். அது எலியைக் கொல்லாமல் இருக்கவேண்டும். பிறகு மனிதனை. பெரும்பாலானவை பாதியிலேயே இறங்கிவிடும். இப்போது போய்த் தோசை சாப்பிடு.”

பேராசிரியருக்குப் போன் செய்தேன். பதினேழு போய்விட்டது, நான்கில் வட்டம் வந்திருக்கிறது என்றேன். “நாலா? அது ஏது?”

“நீங்க தூக்கிப் போடச் சொன்னது சார்.”

“நான் அப்படிச் சொல்லலையேம்மா,” என்றார். பிறகு, குரல் இறங்கி, “சரி, அந்த மரக்கட்டை ஐடியாவ எழுதி வை. பழைய போட்டோவ எடுத்துடு.” அவரிடம் அதுவரை நான் கேட்டதிலேயே சிறந்த வாக்கியம் அதுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஊருக்குக் கிளம்பும் முன் ஆஸ்டின் டவுனுக்குப் போனேன். இந்திராக்கா வாசலில் வெயிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வட்டத்தைப் பற்றிக் கேட்டு, விரலால் அளவு காட்டச் சொல்லி, “இவ்ளோதானா?” என்றார். பிறகு தேவராஜ் உள்ளேயிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு. “நாளைக்கு வரச் சொல்லித் தேதி குடுத்திருக்காங்க. இதுலயாவது என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க தங்கச்சி. கேட்டா அவ எழுந்து உள்ள போயிடறா.”

நான்கு மருந்துகளின் பெயர்கள். நான் மருத்துவர் இல்லை. அதை முதலிலேயே சொன்னேன். ஆனால் ஒரு பெயர் என் பாடப்புத்தகத்தில் இருந்தது.

“அக்கா, இதுல ஒண்ணு எதுலேர்ந்து வந்துச்சு தெரியுமா? நித்தியகல்யாணி.”

“எது, ரோஸ் கலர்ல ரோட்டோரம் பூக்குமே? ஆடு மாடு வாய் வெக்காதே?”

“அதேதான். விஷம், அதான் வாய் வெக்காது. கட்டி சாகணும், ஆள் பொழைக்கணும், எவ்வளவு குடுக்கலாம்னு என்ன மாதிரி எத்தனையோ பேர் வருஷக்கணக்கா உக்காந்து கண்டுபுடிச்சாங்க. வாந்தி வரும். ஆனா என் பாட்டில் மாதிரி இல்ல, இது நெஜமாவே வேல செய்யும். வாந்திக்குத் தனியா மாத்திர இருக்கு, கேளுங்க. கேக்காம குடுக்கமாட்டாங்க.”

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். “எங்க ஆம்பூர்ப் பக்கம் அதுக்குப் பேரு என்ன தெரியுமாடி? சுடுகாட்டுப் பூ!” சிரிக்க ஆரம்பித்தார். நிற்கவில்லை. தேவராஜ் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார். வெங்காயத்தாலா, சிரிப்பாலா, வேறு எதனாலோ அக்கா கண்ணில் நீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

“ஏங்க, நாளைக்குக் கடைக்கு லீவு போடுங்க. சுடுகாடு என்னைத் தேடி வரதுக்குள்ள, அதோட பூவ நான் உள்ள ஏத்திக்கறேன்.”

நான்காம் எண்ணால் எனக்கு ஒரு டாக்டர் பட்டம் கிடைத்தது. மாத்திரை எதுவும் இன்னும் வரவில்லை. மேடம் சொன்ன மாதிரி அதுவும் பாதியில் இறங்கிவிட்டது. இந்திராக்கா ஆறு ஊசியும் போட்டுக்கொண்டார். கட்டி கரைந்தது. முடி திரும்ப முளைத்தபோது சுருட்டையாக முளைத்ததாம். அதற்கு மட்டும் அவர் இன்றுவரை அந்த ஆஸ்பத்திரியை மன்னிக்கவில்லை.